அய்யாக்கண்ணு கிணற்றுத் தண்ணீர்

11-4-64, சனி

இன்று காலை அய்யாக்கண்ணு தன் கிணற்றுக்குள்ளேயே செத்துப்போனான். கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்திருந்தார்கள். வெடித்து அடங்கியதும் கல் அள்ள முதலில் இறங்கியவன் அவன்தான். பக்கவாட்டுப் பாறை பிளந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அது அவன் மேல் விழுந்துவிட்டது.

சேதி கேட்டுத் திருமயத்தில் கடையைச் சாத்திவிட்டு நான் ஊர் வந்து சேர்ந்தபோது அவனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து மேலே தூக்கியிருந்தார்கள். அவன் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். வரப்புக்கு இங்கிட்டு என் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் என் பண்ணையாள் மூக்கன் போட்டுவிட்டது. அடித்துப் பிடித்து ஓடியதில் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. நான் போய் நிறுத்தினேன். நிறுத்தியதும் அழுகைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

12-4-64

சுடுகாட்டில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: "கரண்டு மோட்டாரு வந்துச்சு, இவன் கெணறு காஞ்சுச்சு. இல்லாட்டி எதுக்கு வெடி வைக்கிறான்?" திரும்பினேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

இரண்டு வருஷமாக மழை பொய்த்திருக்கிறது. அதை ஒருத்தனும் பேச மாட்டான். மழையைச் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. என்னைக் கேட்கலாம். தலைச்சுமையாக உப்பு விற்ற இந்தச் சோலையப்பன் சர்க்கார் கடனில் மோட்டார் போட்டு, பிறகு மோட்டார் கடையே வைத்துவிட்டான் என்ற காந்தலும் இதில் இருக்கிறது.

தை மாதம் அய்யாக்கண்ணுவிடம் நிலத்தைக் கொடுத்துவிடு என்று நல்ல விலைக்குத்தான் கேட்டேன். சிரித்தான். "இன்னும் ரெண்டாள் ஆழம் போனாத் தண்ணி கெடக்குண்ணே. நீங்க பாக்கத்தான போறீங்க" என்றான்.

14-4-64

வருஷப் பிறப்பு. இராங்கியத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் கடைக்கு வந்தார்கள். மோட்டாரைத் தடவித் தடவிப் பார்த்தான் மூத்தவன். இளையவன், "மொதலாளி, இதைப் போட்டா பக்கத்துக் கெணறு வத்திப்போகும்ங்கிறாகளே?" என்றான்.

"அவனவன் கெணத்துக்கு அவனவன் ஊத்து. யூனியன் ஆபீசுல போய்க் கேளுங்க" என்றேன்.

யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார்கள். ஏழு மோட்டார் கடையில் நிற்கிறது. இந்தப் பேச்சு தாலுகா முழுக்கப் பரவினால் ஏழும் துருப்பிடிக்க வேண்டியதுதான்.

16-4-64

ஆள் செத்த கிணற்றுத் தண்ணீரை ஒட்ட இறைத்துக் கழித்த பிறகுதான் கருமாதி வைப்பது எங்கள் பக்கத்து முறை. இன்று அதற்காக ஊரார் இறங்கிப் பார்த்தார்கள். இறைக்கத் தண்ணீர் இல்லை. அவனைத் தூக்கும்போது கணுக்கால் முங்கத் தண்ணீர் கிடந்ததாம், ரத்தம் கலந்து. தூக்கியவர்கள் காலில் பட்டிருக்கிறது. இப்போது பாறை காய்ந்து கிடக்கிறது.

ஊர்த்தலைமை பார்க்கிற அம்பலகாரர் நல்லதம்பி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அய்யாக்கண்ணு பெண்டாட்டி பிச்சையம்மாள் சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னார்: "அந்தத் தண்ணி அங்கிட்டுப் போயிருச்சு. எறைக்கிறதுன்னா அண்ணன் கெணத்தை எறைக்கச் சொல்லுங்க."

"இதென்ன பேச்சு மாமா?" என்றேன்.

"பேச்சு நல்லாத்தானப்பா இருக்கு. தண்ணிக்குக் காலா மொளைச்சிருக்கு, ஏறிப் போக? கீழ வழி இருக்கு, போயிருக்கு. தரிசுல எறைச்சுக் கழிச்சு விட்டுரு. ஒரு நாள் சோலி."

முடியாது என்றேன். ஒரு நாள் சோலியா அது? என் கிணற்றை நான் கழித்தால் இரண்டுக்கும் ஒரே ஊற்று என்று நானே ஒத்துக்கொண்டதாகும். பிறகு எந்த முகத்தோடு கடையில் உட்காருவது?

17-4-64

களையெடுக்கும் பெண்கள் வரவில்லை. மூக்கனும் வரவில்லை. ஆள் அனுப்பினால், "அந்தத் தண்ணியில கையைக் காலை நனைச்சுட்டு வீட்டுக்குப் போக முடியாதுங்க" என்று பதில் வருகிறது. சுடுகாட்டுக்குப் போய் வந்த மறுநாளிலிருந்து மறுபடி ஓடிய மோட்டாரை, பாத்தி திருப்ப ஆளில்லாமல் நிறுத்திவிட்டேன்.

மருதாயி இரண்டு தெரு தாண்டிப் போய்க் குடிதண்ணீர் தூக்கி வருகிறாள். என்னைப் பார்க்கிறாளே, பெண்டாட்டி பார்க்கிற பார்வையா அது?

"நம்ம கெணத்துத் தண்ணியில நான் ஒலை வைக்க மாட்டேன். அன்னைக்கு அது எந்தப் பாத்திக்குப் பாஞ்சுச்சு? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். மேற்குப் பாத்தி. மிளகாய்.

18-4-64

மேற்குப் பாத்திப் பக்கம் போகவில்லை.

20-4-64

யூனியன் ஆபீஸ் விவசாய எக்ஸ்டென்ஷன் ஆபீசர் ரெங்கராஜ் வந்தார். எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று நானே கூப்பிட்டனுப்பினேன். அம்பலகாரரையும் வரவழைத்தேன்.

ரெங்கராஜ் பொறுமையாகத்தான் சொன்னார். நாட்டில் அரிசிப் பஞ்சம். கமலை கட்டி மாடு இறைக்கிற தண்ணீரில் இனி ஜனங்களுக்குச் சோறு போட முடியாது. மோட்டார் வந்தே தீர வேண்டும். கிணறு வற்றியதற்கு மழைதான் காரணமாக இருக்கும்.

"இருக்கும்னா? நிச்சயமாத் தெரியுமா தம்பி?" என்றார் அம்பலகாரர்.

"நிச்சயமாச் சொல்ல சர்வே பண்ணணுங்க. இந்தப் பக்கம் பண்ணலை."

"பண்ணாமத்தான் கடன் குடுத்தீகளா?"

"கடன் குடுக்கச் சொல்லி ஆர்டர் வந்துச்சுங்க. சர்வேக்கு வரலை."

அம்பலகாரர் சிரித்துவிட்டார். ரெங்கராஜும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது வரப்பில் நின்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அடிப்பாறையில வெடிப்பு இருந்தா ஒண்ணோடொண்ணு சேந்திருக்கவும் வாய்ப்பிருக்குங்க. மேல எழுதிக் கேக்குறேன்."

மேலே எழுதி, மேலேயிருந்து வருவதற்குள் எனக்குப் பயிரும் போகும், ஆளும் போகும்.

21-4-64

ஒரு மூட்டை கடலை வாங்குவதென்றாலும் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்க்காமல் நான் விலை பேசியதில்லை. இதை மட்டும் இத்தனை நாள் ஏன் அள்ளிப் பார்க்கவில்லை?

உச்சிவெயிலில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, வரப்பைத் தாண்டி அவன் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர் கிடக்கிறது. முழங்கால் அளவு இருக்கும். தெளிந்து, வானம் தெரிய. ஒரு சொட்டு மழை இல்லை. என் மோட்டார் நின்றதுதான் நடந்தது.

பார்த்துக்கொண்டே நிற்கிறேன் — கமலை மாட்டை அதட்டுகிற குரல் கேட்டது. 'ஏய், பின்னாடி வா, பின்னாடி வா' என்று. அவன் குரலேதான். திரும்பினால் மாடும் இல்லை, ஆளும் இல்லை. கமலை உருளையை வெடிக்காரர்கள் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். நான் பயந்தவன் இல்லை. சுடுகாட்டு வழியாகத் தனியாக உப்புச் சுமை தூக்கி நடந்தவன். வீட்டுக்கு எப்படி வந்தேன், செருப்பை எங்கே விட்டேன், தெரியவில்லை.

22-4-64

அன்னிக்கு நான் ஊர் வந்ததும் மோட்டாரை நிறுத்தினேன். அதுக்குள்ள அந்தத் தண்ணி போயிருச்சு. கட்டில்ல அவன் கெடக்கான், அவன் தண்ணி என் மொளகாய்க்குப் பாஞ்சுக்கிட்டு இருக்கு. இதை எவன்கிட்டச் சொல்றது?

23-4-64

அம்பலகாரரிடம் போய் என் கிணற்றைக் கழிக்கிறேன் என்றேன். "நல்லது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

25-4-64, சனி

கருக்கலில் மோட்டாரைப் போட்டேன். குழாயைத் தரிசுப் பக்கம் திருப்பியாயிற்று. கோடைத் தண்ணீர் கள்ளியிலும் கருவேலிலும் பாய்வதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஊரே நின்றது. பாதிப் பேர் என் கிணற்றைச் சுற்றி, பாதிப் பேர் அவன் கிணற்றைச் சுற்றி.

என் கிணற்றில் தண்ணீர் ஒரு படி இறங்கியது. அங்கிட்டிருந்து ஒரு பொம்பளை, "இங்கயும் எறங்குது" என்றாள். இன்னொரு படி. "இங்கயும்." பிறகு அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். மோட்டார் காற்றை இழுத்துக் கத்தியபோது இரண்டு கிணற்றிலும் பாறை தெரிந்தது.

யாராவது என்னைத் திட்டியிருக்கலாம். ஒருத்தரும் திட்டவில்லை. இராங்கியத்துச் சகோதரர்கள் எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. மூத்தவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

26-4-64

கருமாதி. பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட்டேன்.

29-4-64

மேற்குப் பாத்தியில் மிளகாய் பழுத்துவிட்டது. பறிக்க ஆள் வருகிறார்கள், மற்றப் பாத்திகளில் பறிக்கிறார்கள். அந்தப் பாத்திக்கு வந்ததும் தாண்டிப் போகிறார்கள். நானும் பறி என்று சொல்லவில்லை.

3-5-64, ஞாயிறு

மருதாயியைக் கூட்டிக்கொண்டு பிச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். நிலத்தை வாங்கிக்கொள்கிறேன், தை மாதம் கேட்டதைப்போல ஒன்றரை மடங்கு தருகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

"வித்துட்டு? ரெண்டு கெணத்தையும் சேத்து நீங்களே குடிக்கவா?" என்றாள்.

"நான் அதுக்காகக் கேக்கலை தங்கச்சி."

"எதுக்காகக் கேட்டாலும் சரிண்ணே. அவரு உசுரு போனது அந்த மண்ணை விக்க மாட்டேன்னுதான். நான் வித்துட்டா அவரு எதுக்குச் செத்தாருன்னு ஆயிரும்?"

"அப்ப மோட்டாரை எடுத்துரச் சொல்றியா?"

"எடுத்து? நானும் கமலை கட்ட ஆளில்லாம, நீங்களும் காஞ்சு, ரெண்டு பேரும் ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கவா? மோட்டாரு இருக்கட்டும். மோட்டாரு ஒரு பாவமும் பண்ணலை."

மருதாயி என் பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாயும் வரை பேசினோம். இவளைப்போல் கறாராகப் பேசுகிற ஆளை நான் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

பேசி முடித்தது:

காலையிலிருந்து மத்தியானம் வரை தண்ணீர் என் தோட்டத்துக்கு. அதன்பின் வரப்பை வெட்டிவிட்டு அவள் தோட்டத்துக்கு. கரண்டுச் செலவு முழுக்க என்னுடையது. அவள் கிணற்றில் முழங்காலுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு மோட்டார் நிற்கும், என் பயிர் எப்படி இருந்தாலும். அவள் விளைச்சலில் நாலில் ஒரு பங்கு கேட்டேன், தர மாட்டேன் என்றாள், விட்டுவிட்டேன். கடைக்கு மோட்டார் வாங்க வருகிறவனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் நான் விலை சொல்ல வேண்டும். மோட்டார் ரூம் சாவி பிச்சையம்மாளிடம் இருக்கும்.