ஒரு பந்தயமும் வெல்லாத வருஷம்

ராசா,

தபாற்காரர் இன்று மழையில் நனைந்து வந்து, தன் தோல்பையை நம் வாசலில் மாட்டிவிட்டுத் தலையைத் துவட்டினார். கடிதம் எனக்கில்லை, அடுத்த வீட்டுக்கு. ஆனால் அந்த ஈரத்தோலின் மணம் உள்ளே வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. நீ உதைபந்தைக் குசினிக்குள் காயவைக்கும்போது வருகிற மணம் அது.

"மாட்டுத்தோலை அடுப்படிக்குக் கொண்டுவாறியோ? இது சைவ வீடடா!" என்று கத்துவேன்.

"வெளியிலை வைச்சா நாய் கொண்டுபோயிடும், மாமி. பிறகு நாயோடைதான் விளையாடவேணும். அதிட்டையும் தோப்பம்" என்பாய்.

உன் தாய் செத்தபோது உனக்கு நாலு வயது. என் அண்ணன் உன்னை என் கையில் தந்துவிட்டு மலாயாவுக்குப் போனார். பிள்ளையில்லாத எனக்கு நயினாதீவுக் கோயில் அம்மாள் தந்த பிள்ளை என்றுதான் உன்னை வளர்த்தேன். நம் தீவுக் கல்லூரியில் உனக்குத் தற்காலிக வாத்தியார் வேலை கிடைத்தபோது, நயினாதீவுக்குப் போய் அம்மாளுக்குப் பொங்கினேன். வேலையோடு உதைபந்துக் குழுவும் உன் தலையில் விழுந்தது. கல்லூரி என்று பெயர்தான். ஓடக்கூடிய பெரிய பெடியளே பதினொரு பேர். ஒருவனுக்கு வயிற்றோட்டம் என்றால் பத்துப் பேரோடு ஆடுவீர்கள்.

அந்த வருஷம் ஆறு பந்தயம், முதல் ஐந்தும் தோல்வி. பட்டினத்தில் ஆடிவிட்டு வள்ளத்தில் திரும்புவீர்கள். வள்ளக்காரர் சும்மா விடமாட்டாராம். "தம்பிமார், வள்ளம் தாழுது. எத்தினை கோல் ஏத்திக்கொண்டு வாறியள்?"

"ஏழு, அண்ணை. பாரமெண்டா மூண்டைக் கடலிலை எறியிறம்" என்பானாம் சூசை. அவன்தான் உங்கள் கோல் காப்பாளன், ஊர்காவற்றுறையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. நீ வந்து சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரித்தேன், பிரின்சிப்பல் உன்னைக் கூப்பிட்டுப் பேசும் வரைக்கும்.

"ஐசே, கடைசிப் பந்தயத்தையாவது வெண்டு காட்டும். இல்லாட்டி தைமாசம் வேறை ஆளை வைப்பன்."

அங்கே உன் தகப்பன், மலாயாவில் உனக்குக் கிளாக்கர் வேலை பார்த்துவைத்திருப்பதாக மாதத்துக்கொரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வேலை போனால் நீயும் போவாய். நீ போனால் இந்த வீட்டில் நானும் விளக்கும்தான். அந்தப் பயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"ராசா, முருகன் சூரனை வெண்டது சஷ்டியண்டு. உங்கடை கடைசிப் பந்தயமும் அண்டைக்குத்தான். வேறை என்னடா வேணும்? பெடியள் எல்லாரும் ஆறு நாளும் விரதம் பிடிக்கட்டும்."

"சாப்பிடாமல் ஓட ஏலாது, மாமி."

"முருகன் ஓடவைப்பார்."

நான் அழுதேன். அதற்குமேல் நீ மறுக்கவில்லை. வளர்த்தவள் அழுதால் நீ மறுக்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

ஆறு நாளும் பெடியள் பின்னேரத்தில் நம் வீட்டுக்கு வந்து ஒரு பேணி பாலும் ஒரு வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டுப் போனார்கள். சூசையும் வந்து நின்றான். "நீ வேதக்காரன், உனக்கேன்?" என்றேன்.

"பத்துப் பேர் பட்டினியிலை நிக்க, நான் மீன் திண்டிட்டுக் கோலுக்கை நிக்கிறதோ? உங்கடை சாமியிட்டைச் சொல்லிவிடுங்கோ மாமி, இவன் அந்தோனியாருக்குத் தெரியாமல் பிடிக்கிறான் எண்டு."

பந்தயம் நம் தீவில்தான் நடந்தது. பெண்கள் போகாத இடம். மைதானத்து வேலிக்கு வெளியே, மடியில் திருநீற்றோடு நின்றேன். ராசா, அவர்கள் ஓடின ஓட்டம்! பட்டினத்துப் பெடியள் திகைத்துப்போனார்கள். உன் பெடியன் ஒருவன் அடித்த பந்து, வலையில்லாத கோலுக்குள்ளால் போய்ப் பின்னாலிருந்த பற்றைக்குள் விழுந்தது. இடைவேளைக்கு நாங்கள் ஒன்று, அவர்கள் ஒன்றுமில்லை. "முருகா, கண் திறந்திட்டாய்" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு கால்கள் விட்டுவிட்டன. முதலில் ஒருவன் முழங்காலில் இருந்தான். இன்னொருவன் பந்து பக்கத்தில் போகப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்று, இரண்டு என்று ஐந்து கோல் விழுந்தது. ஐந்தாவதுக்குச் சூசை எழும்பவே இல்லை. மண்ணில் குந்தியிருந்து வாந்தியெடுத்தான். வெறும் பச்சைத் தண்ணீர்.

வந்த குழுவின் வாத்தியார் நல்ல மனுஷன். "என்ன மாஸ்டர், பெடியளுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"ஓம், ஊரிலை ஒரு காய்ச்சல்" என்றாய். சொல்லிவிட்டு வேலிப்பக்கம் ஒருதரம் பார்த்தாய்.

பிரின்சிப்பலிடம், "நான் பழக்கினது சரியில்லை" என்றாயாம். விரதத்தைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குப் பாறணைச் சோத்துக்கு என்ன கறி, மாமி?" ஒருதரமாவது என்னை ஏசியிருக்கலாம்.

தை பிறக்கக் கப்பலேறினாய். யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து, உன்னோடு ஒரே அறையில் இருந்த பிள்ளை வந்து இந்தக் கதிரையில் இருந்து, தலையைக் குனிந்துகொண்டு உன் முடிவைச் சொன்னான். "காய்ச்சல்தான், அம்மா. ஆனா காய்ச்சலுக்கு முந்தியே ஆள் பட்டினியிலை விழுந்திட்டார்."

இப்போதும் கோயிலுக்குப் போகிறேன். தேவாரம் பாடுகிறேன், திருநீறு பூசுகிறேன். ஆனால் ஒன்றும் கேட்பதில்லை. முருகன் தரமாட்டார் என்றில்லை. கேட்கத் தொடங்கினால் இன்னும் யாரைப் பட்டினி போடச் சொல்வேனோ என்ற பயம்.

சூசைக்கு இப்போது சொந்த வள்ளம் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் வேலிப் படலையில் நின்று கதைத்துவிட்டுப் போவான். போன கிழமை அவனிடம் மனம்விட்டு அழுதுவிட்டேன். "விடுங்கோ மாமி. சாப்பிட்டிருந்தாலும் நாங்கள் தோத்திருப்பம். அவ்வளவு மோசமான குழு" என்றான்.

நல்ல பிள்ளை, என் மனம் ஆறட்டும் என்று சொல்கிறான். ஆனால் ராசா, நான் வேலியில் நின்று முதல் பாதியைப் பார்த்தவள்.