வியாழக்கிழமைகளில் காலியாக இருக்கும் அறை

தோர்ன்பெக்
நவம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிரையனிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். சுகம் என்று நான் எழுதுவதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த உன் அப்பா ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார், அதனால் ஏறக்குறைய சுகம் என்று வாசித்துக்கொள். நீயும் உன் புது வீடும் நீ ஊசி போடும் ஆடுகளும் அதைவிட நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது கோடை தொடங்கியிருக்கும். இங்கே போன மாதம் தொடங்கிய மழைக்கு நிறுத்தும் எண்ணம் இல்லை. பாய்லர் மறுபடியும் முனகுகிறது. பக்கத்து வீட்டு நாய் நம் லீக்ஸ் வெங்காயப் பாத்தியைத் தோண்டிப் போட்டுவிட்டது, நாய்க்காரர் வந்து மன்னிப்புக் கேட்டார், நான் பரவாயில்லை என்றேன், அவர் போன பிறகு எவ்வளவு பரவாயில்லை என்பதை உன் அப்பாவுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது போன் கட்டானதே, அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். உண்மையில் இந்தக் கடிதமே அதற்காகத்தான், ஆனால் வழியில் ஒரு கட்டடம் நிற்கிறது, அதைச் சுற்றிக்கொண்டுதான் அங்கே வர முடியும்.

அப்பா வியாழக்கிழமை குழுவுக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று கேட்டிருந்தாய். போகிறார். ஆனால் போய் உட்கார அறை இல்லை. நீ கடைசியாக வந்தபோது நூலகம் தனியாக இருந்தது, போலீஸ் நிலையம் தனியாக இருந்தது, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் ஆற்றங்கரையில் இருந்தது, வேலையில்லாதவர்களுக்கான அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். எல்லாம் பாதி காலி, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஹீட்டர், தனித்தனியாக ஒழுகும் கூரை. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரலாம் என்று நகர கவுன்சில் சொன்னபோது இது நல்ல யோசனை என்றுதான் நான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவளுக்கு, தனித்தனிக் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்பது தெரியும். அப்படி வந்ததுதான் ஹப். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் விளக்குவார்கள். இப்போது ஒரே வாசல், ஒரே முன்கூடம், ஒரே கவுண்டர், ஒரே டோக்கன் மெஷின். சைக்கிள் திருடுபோனவரும், குழந்தை பிறந்தவரும், கணவன் இறந்தவளும், புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தருகிறவரும் அடுத்தடுத்த எண்களோடு ஒரே மாதிரி நீல நாற்காலிகளில் உட்கார்ந்து தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நூலகம் கூடவே கொண்டுவந்தவற்றில் பின்பக்கத்து அறை ஒன்று உண்டு, அதில்தான் அப்பாவின் குழு கூடிவந்தது. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள். பேச்சுப் பயிற்சி தரும் மெரியல் என்ற வேல்ஸ்காரப் பெண் வாரம் ஒருமுறை வந்து அவர்களை வட்டமாக உட்கார வைப்பாள். வட்டமாக உட்கார்ந்தால்தான் ஒருவர் வாயசைவை மற்றவர் பார்க்க முடியும், அதனால் முதல் வேலையாக மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிடுவார்கள். உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் ஒரே மூச்சில் ஒரு பட்டி ஆட்டையும் ஏலம் விட்டவர், போன வருடம் மார்ச்சிலிருந்து தேநீர் வேண்டுமா என்றால் கையால்தான் காட்டுகிறார். சொல் எல்லாம் உள்ளே இருக்கிறது, வரும் வழியில் எங்கோ சிக்கிக்கொள்கிறது. குழுவில் இருக்கும் ஆர்னால்டின் நிலைமை இன்னும் சிக்கல். மெதடிஸ்ட் சபையில் பல வருடம் பிரசங்கம் செய்த மனிதர். நோய் அவரிடம் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, அதுவும் அவர் ஆயுளில் சொல்லியிராத கெட்ட வார்த்தை. அதை வைத்துக்கொண்டு அவர் காலை வணக்கம் சொல்கிறார், நன்றி சொல்கிறார், பிஸ்கட் கேட்கிறார், எல்லோருக்கும் புரிகிறது. அந்த அறையில் உன் அப்பா கோடைக்குள் பத்துப் பதினைந்து சொற்களைத் திரும்பப் பிடித்தார். ‘பால்’ வந்தது, ‘போதும்’ வந்தது, ஒருநாள் ‘லோர்னா’ வந்தது. அன்று நான் காரை நிறுத்தின இடம் மறந்து ஊரெல்லாம் தேடினேன்.

செப்டம்பரில் ஒரு வியாழன் போனால் அறைக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. திறந்த அளவுக்குள் எட்டிப் பார்த்தால் கூரை வரை மேசைகள். மூடிய அலுவலகங்களிலிருந்து மிஞ்சிய மேசைகளை அங்கே அடுக்கியிருந்தார்கள். ஹப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபிலிப்பா கார்சைடைத் தேடி மாடிக்குப் போனேன். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், நாற்காலியிலிருந்து எழுந்துதான் பேசினாள். “வியாழக்கிழமைகள்ல அந்த ரூம்பு சும்மாத்தாம்மா இருக்கு, ஆறு மாசமா பாத்துட்டுத்தான் முடிவு பண்ணோம்” என்றாள். யார் பார்த்தது என்று கேட்டேன். பெட்டி பார்த்ததாம். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டியிருக்கிறது. யாராவது உட்கார்ந்தால் முழங்காலின் சூட்டை வைத்து ஆள் இருப்பதாகக் கணக்கு எழுதும். நாங்கள் மேசைகளைத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்தோம். சுவரோரத்து மேசைகள் ஆறு மாதமாகத் தங்களுக்கு அடியில் ஒரு முழங்காலையும் காணாமல் அதை நேர்மையாக மேலிடத்துக்குச் சொல்லிவந்திருக்கின்றன.

அப்படியானால் துப்புரவு செய்பவர்கள் பார்த்திருப்பார்களே என்றேன். “கேட்டோம்மா. அவங்க போறப்பல்லாம் ரூம்பு பளிச்சுன்னு இருந்துச்சாம். மேசை எல்லாம் இருந்த எடத்துலயே, ஒரு கப்பு கூட கழுவாம இல்ல, ஒரு பிஸ்கட் தூள் இல்ல. ஆளு பொழங்குற ரூம்பு அப்படியா இருக்கும், நீங்களே சொல்லுங்க” என்றாள். உனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து சபை மண்டபம், சாரணர் கூடம் என்று எங்கே போனாலும், வந்தது தெரியாமல் வைத்துவிட்டு வா என்றுதான் நம்மை வளர்த்தார்கள். கை நடுங்குகிறவர்களும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்களும் சேர்ந்து ஒவ்வொரு வியாழனும் மேசைகளைப் பழையபடி வரிசையில் வைத்தோம், கப்புகளைத் துடைத்துக் கவிழ்த்தோம். உன் அப்பா தரைவிரிப்பில் பதிந்திருந்த பள்ளம் பார்த்து மேசைக் கால்களை அதிலேயே நிறுத்துவார். அவ்வளவு ஒழுக்கமாக நடந்து நாங்கள் அங்கே இல்லை என்பதை நிரூபித்திருக்கிறோம்.

சரி, இப்போது தெரிந்துவிட்டதே, மேசைகளை எடுத்துவிடுங்கள் என்றேன். அங்கேதான் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். கட்டடம் நகர கவுன்சிலுடையது. மேசைகள் அதற்கு மேலே இருக்கும் பெரிய கவுன்சிலுடையவை. பெட்டிகள் ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தவை, பெட்டி ஒட்டிய மேசையைக் கம்பெனியைக் கேட்காமல் நகர்த்தக் கூடாது. அறைச் சாவி மட்டும் நூலகத்தினுடையது. இவர்கள் எல்லோரும் சேர்ந்த கூட்டுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி முடிவெடுக்கும். எங்கே கூடும் என்று கேட்டேன், ஹப்பில் இடம் கிடைக்காததால் ரயிலடி ஹோட்டலில் கூடுவதாகச் சொன்னாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாய்லரை உதைத்தேன், அதுதான் அப்போதிலிருந்து முனகுகிறது.

அடுத்த சில வாரங்கள் எதிரே இருக்கும் காபிக் கடையில் முயன்று பார்த்தோம். காபி மெஷின் சீறும்போதெல்லாம் எங்கள் ஆட்களின் வார்த்தை பயந்து உள்ளே போய்விடும். உன் அப்பா ‘போதும்’ என்பதை மறுபடி இழந்தார், பிறகு ‘பால்’. ‘லோர்னா’ எப்போது போகும் என்று நான் காத்திருந்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. போன வியாழன் மழை தாங்காமல் எல்லோரும் ஹப்பின் முன்கூடத்துக்குள் ஒதுங்கினோம். வாசலில் நிற்கும் காவலர் மிகவும் மரியாதையாக, டோக்கன் இல்லாதவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது என்றார். மெரியல் ஒரு நிமிடம் மெஷினைப் பார்த்தாள். பிறகு, “சரி, ஆளுக்கொரு டோக்கன் எடுங்க. இன்னைக்குப் பாடம் இதுதான். கவுண்டருக்குப் போயி உங்களுக்கு என்ன வேணுமோ கேளுங்க” என்றாள்.

கவுண்டரில் டோனா. நூலகத்தில் இருந்தவள்தான், இப்போது எல்லாவற்றுக்கும் அவள்தான். யார் வந்தாலும் கண்ணு என்பாள், பிரசங்கியாரும் கண்ணுதான். “என்ன கண்ணு, என்ன விஷயம்?” என்று கேட்க, ஆர்னால்ட் தன்னிடமிருந்த ஒரே வார்த்தையைத் தெளிவாகவும் பணிவாகவும் சொன்னார். டோனா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் திரையில் தட்டினாள். என்ன எழுதினாய் என்று பின்னால் கேட்டேன். “ரோட்டுப் பள்ளம்னு போட்டேன். அந்த வார்த்தைய சொல்றவங்க முக்காவாசிப் பேரு அதுக்குத்தான் வர்றாங்க” என்றாள்.

பிறகு உன் அப்பா. ஒருவர் கவுண்டரில் நேரம் எடுத்தால் மேலே இருக்கும் திரை முதலில் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். மஞ்சளானது. அவர் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், தாடை அசைந்தது, ஒன்றும் வரவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல மனது, அதுதான் தொல்லை. பின்னால் சைக்கிள் ஹெல்மெட்டோடு நின்றவர், “குப்பைத் தொட்டியா சார்?” என்றார். குழந்தையைப் பதிய வந்த பெண், “வீட்டு வரியா இருக்கும், பாவம்” என்றாள். “பார்க்கிங் ஃபைனா?” என்று இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நான் கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் வைத்து விரல்களை இறுக்கிக்கொண்டேன். எனக்குத் தெரியும் அவர் என்ன கேட்கப்போகிறார் என்று, நாக்கு நுனியில் வைத்திருந்தேன், மெரியல் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கினேன். திரை சிவப்பானது. சிவப்பானால் மாடியில் மணி அடிக்குமாம், ஃபிலிப்பா இறங்கி வந்தாள். உன் அப்பா டோனாவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். சந்தையில் கடைசி விலைக்கு முன் ஒரு கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்குவாரே, அந்தக் கை மேலே போனது. “ரூம்பு,” என்றார். நாங்கள் காத்திருந்தோம். “ரூம்பு சும்மா இல்ல.” ஹெல்மெட்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார், அந்தக் குழந்தைக்காரப் பெண் அவர் காலை மிதித்தாள். “நாங்க இருக்கோம்.”

இருபது மாதங்களுக்குப் பிறகு உன் அப்பாவின் முதல் முழு வாக்கியம் கவுன்சிலுக்கு எதிரான புகார். தோர்ன்பெக்கில் பிறந்தவருக்கு அதுதான் இயற்கை. ஃபிலிப்பாவுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. “பாக்குறேன் சார். நெசமாவே பாக்குறேன்” என்றாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவர் இரண்டு முறை பால் கேட்டார், தேவையே இல்லாமல்.

நேற்று அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவள் பார்த்திருக்கிறாள், அதை நான் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூடிய கூட்டுக் குழுவிடமும் சொல்லியிருக்கிறாள், அவர்களும் பார்த்திருக்கிறார்கள். முன்கூடத்து நாற்காலிகள் போன வியாழக்கிழமை இதுவரை இல்லாத அளவு நிறைந்திருந்தது அவர்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறதாம். ஆகவே பின்னறை கிடங்காகவே இருக்கும்; குழு முன்கூடத்திலேயே தொடரலாம்; பொது இடத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு நல்ல முன்மாதிரியாக எங்களை ஆண்டறிக்கையில் படத்தோடு போடப்போகிறார்கள். உன் அப்பாவுக்கு வாசிப்பதில் குறை இல்லை, இரண்டு முறை வாசித்தார். பிறகு ஆர்னால்டின் வார்த்தையைச் சொன்னார். உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை.

படம் எடுக்க அவர்கள் வரும் வியாழனன்று மேசையை நகர்த்தும் வேலையை நாங்களே செய்துகொள்வது என்று குழு முடிவு செய்திருக்கிறது. பெட்டி ஒட்டிய ஒரு மேசையை மட்டும், பின்னறையிலிருந்து முன்கூடத்தின் நடுவுக்கு. வேலை முடிந்ததும் அதைத் திருப்பி வைக்கப்போவதில்லை, கப்புகளையும் கழுவப்போவதில்லை. ஆர்னால்டுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கிறது, கழுவாத கப்பை அவர் மனசாட்சி தாங்காது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஈரம் ஏறுகிறது என்றாய், ஜன்னலைக் காலையில் கொஞ்ச நேரம் திறந்து வை, ஈரத் துணியை உள்ளே காயப்போடாதே. மாடு கன்று போடும் இடத்தில் தனியாக நிற்காதே. போன ஞாயிற்றுக்கிழமை ‘லைன் கட்டாயிடுச்சும்மா’ என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். கட்டாகவில்லை. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்திருந்தார். உனக்குச் சொல்ல ஒன்று தயார் செய்திருக்கிறார், என்னவென்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி நடக்கிறது. நீ இரண்டு முறை ஹலோ சொன்னாய், யாருமில்லை என்று நினைத்து வைத்துவிட்டாய். அவர் என்னை மறுபடி கூப்பிட விடவில்லை. போனைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

எங்கள் இருவரின் ஆசியும் முத்தங்களும் உனக்கு எப்போதும் உண்டு. எதை மறந்தாலும் இதை மறக்காதே. வருகிற ஞாயிறு நீ கூப்பிடும்போது போனில் சத்தமே வரவில்லை என்றால் வைத்துவிடாதே, குப்பைத் தொட்டியா வரியா என்று எடுத்துக்கொடுக்காதே, சும்மா காத்திரு. அவர் இருப்பார்.

அன்புடன்
உன் அம்மா
லோர்னா