கவ்வாத்து மலைக்கு நீ போட்ட அழுகை முகம்

அன்பு மகள் சசிரேகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே மலையில் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிருக்குச் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீயும் டப்ளினில் நேரத்துக்குப் பசியாறி, கழுத்தை நன்றாக மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் காகிதமும் தபால்தலையும் என்று நினைப்பாய். அதில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இதற்கு அப்படிச் செய்ய முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலையை இன்னும் விடவில்லை, அடுத்த வருஷம் விடுகிறேன் என்கிறார், போன வருஷமும் இதையேதான் சொன்னார். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை நான் எடுத்துக் கையில் வைத்தால்தான் விழுங்குகிறார். விடுமுறைக் கூட்டத்தில் ரோடு அடைத்துக்கொண்டு சாமான் வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பவே அரை நாள் போய்விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் சௌசௌ கொடி காய்த்துத் தள்ளுகிறது, தின்ன ஆள் இல்லை, பக்கத்து வீட்டுக் குமுதாவுக்கும் ஒரு பை கொடுத்தேன். குமுதா என்று எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது, அதனால் இனி மூடி மறைக்காமல் விஷயத்துக்கே வருகிறேன்.

நான் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிக்கிற வேலையை விட்டதும் எனக்கு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தவள் நீ. அப்போது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. பேஸ்புக், டிக்டாக் எல்லாம் சந்தைக்கடை மாதிரிம்மா, இன்னைக்குக் கத்துறது நாளைக்கு யாருக்கும் கேக்காது, வலைப்பூ நம்ம சொந்த வீடு, வாரத்துக்கு ஒரு தடவையாவது விளக்குப் போடு என்றாய். நானும் மழையோ காய்ச்சலோ, ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆரம்பத்தில் பதிவுக்குக் கீழே வந்து, அம்மா இந்த இடம் நல்லா இருக்கு, இந்த இடம் இழுவை என்று எழுதுவாய். அப்புறம் அந்தச் சொந்த வீட்டுப் பக்கம் நீ எட்டியே பார்க்கவில்லை. வேலை அதிகம், நேரமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குமுதாவின் வீடியோவைப் பார்க்கும் வரைக்கும் அந்தச் சமாதானம் நின்றது.

போன மாதம் அவள் நம் வீட்டு எதிர்மலையில் நின்று ஒரு வீடியோ எடுத்தாள். மலை முழுக்க இலையில்லாமல் வெறும் குச்சி. பின்னால் ஒரு சோகப் பாட்டைப் போட்டு, நம்ம தேயிலை எல்லாம் செத்துப்போச்சு, நம்ம காலமும் முடிஞ்சுபோச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வறட்சியும் இல்லை, நோயும் இல்லை. கவ்வாத்து. உனக்கு மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன், வயசான செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் புதுக் கொழுந்து வரும், சில வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மலைக்கும் இது நடக்கும். குமுதா டவுனில் வளர்ந்து இங்கே வாக்கப்பட்டவள், அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்குக் கீழே ஆயிரம் பேர் அழுதிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நீயும் ஒரு அழுகை முகம் போட்டு, மனசு உடைஞ்சுபோச்சு சித்தி என்று எழுதியிருந்தாய். கவ்வாத்துக் கத்தி பிடித்த மண்டோரின் மகள். எனக்கு ஒரு வரி எழுத நேரமில்லாத கை, அவளுக்கு இதயமும் கண்ணீருமாக வாரிக் கொடுத்திருக்கிறது. பொறாமையா என்று அப்பா கேட்டார். ஆமாம், பொறாமைதான், நான் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் நடந்ததைக் கேள். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் சைஃபுல், சேக் தாவூத் கடையில் பார்த்திருப்பாய், அவன் குமுதாவின் வீடியோவுக்குக் கீழே என் பழைய பதிவின் லிங்கைப் போட்டு, இது சாவு இல்லலா, கவ்வாத்து, அக்கா ரெண்டு வருசத்துக்கு முன்னயே எழுதிட்டாங்க, போய்ப் படிங்க என்று எழுதிவிட்டான். லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றி முடியும் வரை என் வலைப்பூவைத்தான் படிப்பானாம். லிங்கைப் போட்டது நீயாக இருக்குமோ என்று ஓடிப்போய்ப் பெயரைப் பார்த்தேன். நீ இல்லை. குமுதாவை ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். மறுநாளே வாசலில் வந்து நின்றாள். அக்கா, மானம் போச்சுலா, உங்க எழுத்த நானே வாசிச்சு ஒரு வீடியோ போட்டுர்றேன், உங்களுக்கும் ஆளுங்க வருவாங்க என்றாள். நல்ல யோசனைதான், அவள் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலும் என் வீடு நிறைந்துவிடும். ஆனாலும் என் வாய் சரி என்று சொல்லவில்லை. நான் எழுதியதை நீ குமுதாவின் குரலில் கேட்டு, அவளுக்கு இன்னொரு இதயம் போடுவாய் என்பதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. என் மகள் படிக்கட்டும், அதுக்கப்புறம் நீ வாசி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், தினமும் வேலியோரம் வந்து, ரேகா படிச்சிருச்சாக்கா என்று கேட்கிறாள்.

எதிர்மலையில் இப்போது சிவப்பாகத் துளிர் விட்டிருக்கிறது, அதை வீடியோ எடுத்துப் போட இதுவரை யாரும் வரவில்லை, இந்த ஞாயிறு நான்தான் எழுதப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, வாரம் ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி. நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் வாழ எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தப் பழைய பதிவைக் கடைசி வரை படி. அதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் வெட்டின மலையைப் பார்த்து அழுத ஒரு சின்னப் பிள்ளை வருகிறது. அதன் அப்பா வாரா வாரம் அதே செடியின் முன்னால் அதை நிறுத்தி, துளிர் வந்துச்சா பாரு என்று காட்டுவார். நான் பெயர் போடவில்லை. அந்தப் பிள்ளை யாருக்கா என்று சைஃபுல் கீழே கேட்டிருக்கிறான். நான் இன்னும் பதில் எழுதவில்லை, அந்த இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது.

தினமும் கீழே உன் பெயரைத் தேடும்
அம்மா,
வசுமதி