சுணங்கிக் கேட்ட மருந்து

இன்று காலை எழுந்ததும், முகம் கழுவ முதலே, உங்கள் ஊதா மருந்துப் போத்தலைக் கிணற்றடி வாய்க்காலில் ஊற்றினேன். விரலில் பட்ட கறை இன்னும் போகவில்லை. நீங்கள் செத்து இருபத்தாறு நாளாகிறது.

இனக்கலவரத்தோடு தெற்கே காலி நகரிலிருந்து வந்தீர்கள். அங்கே ஒரு மருந்துக்கடையில் போத்தல் எடுத்துக் கொடுத்த பழக்கத்தை வைத்து எங்கள் ஊர் சரவணையில் டிஸ்பென்சரி போட்டீர்கள். சனம் "டொக்டர்" என்றது. நீங்கள் ஒருநாளும் மறுக்கவில்லை.

அடுத்த வருடம் என் உதடு வெடித்தது. சிவந்து, செதில் எழும்பி, வாய் திறந்தால் இரத்தம் கசிந்தது.

"புண் எண்டால் காய வேணும்" என்றீர்கள். உங்களுக்குத் தெரிந்த முழு வைத்தியமும் அவ்வளவுதான். ஊதா மருந்து பூசினீர்கள். பிறகு சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கடல்தண்ணீரால் கழுவ வைத்தீர்கள். நான் அழுதபோது, "எரிஞ்சால்தான் வேலை செய்யுது" என்றீர்கள்.

அந்த வாயோடு வகுப்பில் நின்றேன். "டீச்சர் நாவற்பழம் திண்டிட்டா!" என்றது பின்வரிசை. நானும் சிரிக்கப் பார்த்தேன்; வெடிப்பு விரிந்தது.

யாழ்ப்பாணத்தில் தோல் வைத்தியரிடம் போகக் கேட்டேன்.

"என்ரை மனுசியே இன்னொருத்தரிட்டைப் போனால், பிறகு ஆர் என்னட்டை வருவினம்?"

என் வாயைவிட உங்கள் பெயர்ப்பலகை பெரிது.

பாடப்புத்தகம் வாங்கவென்று பொய் சொல்லி பஸ் ஏறினேன். என்ன பூசினேன் என்று வைத்தியர் கேட்டார். சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது கரப்பன், டீச்சர். தோலின்ரை காவல் உடைஞ்சு போச்சு. அதைப் போய்க் காயவிடுறதோ? மூடி வைக்க வேணும்."

ஒரு கிழமைக்கு மட்டும் மெல்லிய களிம்பு. பிறகு வாசனையில்லாத வெறும் வாசலீன், காயக்காயப் பூச வேண்டும். நாக்கால் நனைக்கக்கூடாது, காரமான பற்பசை ஆகாது. உங்களுக்குத் தெரியாமல் பூசி வந்தேன்; ஆறு கிழமையில் புதுத்தோல் வந்தது.

நீங்களோ வந்தவர்களுக்கெல்லாம் என் வாயைக் காட்டினீர்கள். "என்ரை மருந்து சுணங்கித்தான் கேட்கும். ஆனால் கேட்கும்!" நான் தேத்தண்ணீர்த் தட்டோடு பேசாமல் நின்றேன். சனம் போத்தல் போத்தலாக வாங்கிப் போனது. அந்த மௌனத்தையும் உங்களோடு சேர்த்தே வெறுக்கிறேன். கோபம் வந்தால் இன்றும் நாக்கு உதட்டைத் தேடும். பல்லைக் கடித்து நிறுத்துகிறேன்.

நேற்று உங்கள் தம்பி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரான கல்வெட்டுப் புத்தகத்தின், அச்சுக்குப் போகவிருந்த பிரதியோடு வந்தார். அதில் என் பெயரில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்: என் உதட்டைக் குணமாக்கிய கைராசிக்காரராம் நீங்கள்.

"ஒரு கையெழுத்து வைச்சால் காணும், அண்ணி. டிஸ்பென்சரியை இனி நான்தான் நடத்தப் போறன். முன்வீட்டுப் பிள்ளைக்கும் உதடு வெடிச்சிருக்காம். அண்ணையின்ரை ஊதா மருந்து கேட்கினம்."

"வாசிச்சுப் போட்டுத் தாறன்" என்று வாங்கி வைத்தேன்.

நாளை அச்சகத்துக்கு நானே கொண்டுபோகப் போகிறேன். என் பக்கத்தில் உங்களைப் பற்றி ஒரு வரியும் இராது. வெடித்த உதட்டில் எதைப் பூசக்கூடாது, எதைப் பூச வேண்டும் என்று எழுதிக் கீழே என் பெயரைப் போடுவேன். முப்பத்தோராம் நாள் சாப்பிட்டுக் கைகழுவிப் போகும் ஒவ்வொருவரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் தம்பிக்கு இது இன்னும் தெரியாது.