மோசமான நாளை எழுதவும்

பிப்ரவரி 9

அன்புள்ள பட்டு அப்பாவுக்கு,

நானும் பட்டுவும் இங்கே சுகம். உங்கள் இருமல் நின்றதா? போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன், அதைப் பற்றி நீங்கள் மூச்சே விடவில்லை. கிடங்குத் தூசியில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? போனில் கேட்கலாமென்றால் உங்கள் மகள் போனைப் பிடுங்கி நக்கிவிடுகிறாள். நமக்குக் கடிதம்தான் சரி.

இந்த வாரம் நல்ல சேதி நிறைய. செவ்வாய்க்கிழமை பட்டு தானாகவே கரண்டியைப் பிடித்து ஐந்து வாய் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சிக்குப் போன இடத்தில் சுவரைப் பிடித்து நாலு அடி நடந்தாள். உங்கள் படத்தைக் காட்டினால் "ப்பா" என்கிறாள். பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒன்பது வருஷமாக ஒரு "ம்மா" கிடையாது. யாரிடம் போய் முறையிட?

இன்னொரு விஷயம். பட்டு மாதிரிப் பிள்ளைகளுக்கென்று பகல் மையம் ஒன்று இருக்கிறதாம். காலையில் வண்டி வந்து அழைத்துப்போய், மதியம் கொண்டுவந்து விடுவார்களாம். இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன், அங்கே ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. மருந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள்தான் சொன்னார். அவருக்கும் இப்படி ஒரு மகன், பத்தொன்பது வயது. பெரிய பச்சைப் பை நிறைய நகல் காகிதங்கள் வைத்திருக்கிறார். எந்த அதிகாரி எந்தக் கிழமை இருக்கையில் இருப்பார் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. நான் அவருக்குப் பச்சைப்பை அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்குப் போய் நாலாம் சன்னலில் கேட்டால் ஒன்பதுக்குப் போ என்றார்கள். ஒன்பதில் கேட்டால் இது எங்கள் பிரிவே இல்லை என்றார்கள். மூன்று நாள் அலைந்து ஒருவழியாகப் படிவத்தை வாங்கிவிட்டேன். பதினான்கு பக்கம். ஒரு பக்கம் படிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். தினமும் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவர் நீங்கள், நீங்களே நிரப்பி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். இந்த இடம் மட்டும் கிடைத்துவிட்டால் போதும்.

கூப்பிடுகிறாள். நிறுத்துகிறேன்.

அன்புடன்,
பட்டு அம்மா

---

பிப்ரவரி 20

அன்புள்ள பட்டு அம்மாவுக்கு,

இருமல் போயே போய்விட்டது. இனி அதைப் பற்றிக் கேட்காதே, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தாலும் வரும்.

படிவத்தை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிரப்பி, மறுநாளே அனுப்பிவிட்டேன். ஒரு கேள்விக்கும் நான் திணறவில்லை தெரியுமா? உன் கடிதங்களையெல்லாம் தேதிவாரியாகக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். சரக்கறைக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? 'தானாக உண்பாரா?' என்று கேட்டிருந்தார்கள். கரண்டி பிடித்து உண்கிறாள் என்று எழுதினேன். 'நடப்பாரா?' சுவரைப் பிடித்து நடக்கிறாள். 'பேசுவாரா?' தந்தையை அடையாளம் கண்டு 'அப்பா' என்று அழைக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்து மேசைக் கணக்கரையும் கூப்பிட்டுக் காட்டினேன். 'இரவில் தூங்குவாரா?' உன் நவம்பர் கடிதத்தில் நன்றாகத் தூங்குகிறாள் என்று இருந்தது, அதையே போட்டேன். படித்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளையை எந்த மையம் வேண்டாமென்று சொல்லும்?

இந்த மாதமும் லீவு கேட்டுப் பார்த்தேன். மேலாளர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். வருஷக் கடைசி இருப்புக் கணக்கெடுப்பு என்று ஒரு சாக்கு அவருக்கு. அடுத்த மாதம் பார்க்கலாம். பட்டுவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
பட்டு அப்பா

---

ஏப்ரல் 3

அன்புள்ள பட்டு அப்பாவுக்கு,

இடம் கிடைக்கவில்லை.

தபாலில் ஒரே ஒரு வரி வந்தது. புரியாமல், பட்டுவையும் தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் தன்மையானவர்தான். கோப்பைப் பிரித்து நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசித்துவிட்டு என் மடியில் கிடந்த பட்டுவைப் பார்த்தார். அப்புறம் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "இது வேற குழந்தையோட படிவமாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

வெளியே பெஞ்சில் பச்சைப்பை அக்கா இருந்தார். நடந்ததைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல் தடவை எல்லாரும் பண்ற தப்புதான் இது. பிள்ளைய மெச்சி எழுதிட்டீங்க. அவங்களுக்கு நல்ல நாள் வேண்டாம், மோசமான நாள்தான் வேணும். மோசமான நாளை எழுதுங்க" என்றார். முப்பது நாளைக்குள் திருத்தி எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம்.

உங்கள் மேல் தப்பில்லை. நான் எழுதியதைத்தான் நீங்கள் எழுதினீர்கள். பொய் எழுதியது நான். முழுப் பொய்யும் இல்லை. ஐந்து வாய் சாப்பிட்டது உண்மை. அது அந்த ஒரு செவ்வாய்க்கிழமையோடு சரி. நாலு அடி நடந்தது உண்மை, இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். "ப்பா" என்றதும் உண்மைதான். மின்விசிறியைப் பார்த்தாலும் "ப்பா" என்றுதான் சொல்கிறாள். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் உடம்பெல்லாம் விறைத்துக்கொண்டு எழுந்தாள். உடுப்பு மாற்றவே அரைமணி. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பாதியைத் துப்புகிறாள், கொஞ்சம் புரையேறுகிறது, ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வருகிறது. பத்து மணிக்கு வலிப்பு வந்தது. சின்னதுதான். ஒரு மாதத்துக்குள் இது ஏழாவது. அப்புறம் பயிற்சிக்காக மூன்று மாடி இறக்கி, திரும்பி மூன்று மாடி ஏற்றினேன். இப்போது இருபத்துநாலு கிலோ. போன வருஷம்வரை முடிந்தது, இந்த வருஷம் இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிடுகிறேன். மத்தியானம் தன் கையைத் தானே கடித்தாள். விடுவிக்கப் போன என் கையையும் கடித்தாள். ஒரு நாளில் ஆறு முறை துணி மாற்றுகிறேன். தூக்கம் என்று நான் எழுதினேனே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் அழுகைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு நாள் அவளைப் பாயில் விட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிகிறவரை உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது முகமெல்லாம் கண்ணீராகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

போனை நக்குகிறாள் என்பதெல்லாம் சாக்கு. போனில் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும். கடிதத்தில் அந்த ஆபத்தில்லை. நீங்கள் அங்கே தனியாக வருத்தப்பட வேண்டாமே என்று நினைத்தேன். இப்போது எனக்கு அசதியாக இருக்கிறது. மறைக்கக்கூடத் தெம்பில்லை.

பட்டு அம்மா

---

ஏப்ரல் 11

அன்புள்ள பட்டு அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. கிடங்கில் எண்ணின பெட்டியையே திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். கணக்கர், பட்டு எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். எத்தனை சுலபமாக அது வாயில் வருகிறது பார்.

நீ பொய் எழுதினேன் என்று சொல்கிறாய். நான் அதை நம்பினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் வந்து போகிற பதினைந்து நாளில் கண்ணால் பார்க்காததா? இருந்தும் உன் கடிதத்தைப் படிக்கும்போது, அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நீ உண்மை எழுதியபிறகு நானும் எழுதாவிட்டால் மனுஷனே இல்லை. மேலாளர் முடியாது என்று தலையை ஆட்டியதாக எழுதியது பொய். அக்டோபரிலிருந்து நான் லீவே கேட்கவில்லை. அது மட்டுமில்லை. நம் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற கிளையில் சரக்கறை வேலை இரண்டு தடவை காலியானது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு தடவையும் படித்துவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்துகொண்டேன். பயம். அவளுக்கு வலிப்பு வரும்போது என் கைகால் ஓடாது, உனக்கே தெரியும். உனக்குக் கூடுதல் சுமையாகத்தான் இருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்பு. நீ எழுதியதை வைத்து நானே முறையாகத் திருத்தி எழுதித் தருகிறேன். அந்த வேலை இப்போது மறுபடி காலியாக இருக்கிறது. மாற்றல் கேட்கட்டுமா? நீயே சொல்.

பட்டு அப்பா

---

ஜூன் 17

அன்புள்ள பட்டு அப்பாவுக்கு,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. நான் பதில் போடாததற்குக் கோபம் காரணமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கோபமும்தான். நேரம் கிடைக்காததும்தான்.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன், இது நிஜமாகவே நல்ல சேதி. மையத்தில் இடம் கிடைத்துவிட்டது, வாரத்துக்கு மூன்று நாள். நேற்று முதல் தடவையாக வண்டி வந்தது. ஓட்டுநரும் உதவிக்கு வந்த பெண்ணும் மாடி ஏறி வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டு அழவே இல்லை. என்னைத் தேடவில்லையே என்று எனக்குத்தான் கொஞ்சம் மானக்கேடாக இருந்தது. அவள் போனதும் கூட்டிப் பெருக்க வேண்டும், துணி ஊறப்போட வேண்டும் என்று ஏகப்பட்ட திட்டம் வைத்திருந்தேன். கூடத்துத் தரையில் சும்மா ஒரு நிமிஷம் படுத்தேன். வண்டி திரும்பி வந்து ஹாரன் அடித்தபோதுதான் விழித்தேன்.

படிவத்தை உங்களுக்கு அனுப்பவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு நூலகத்தின் பின்னறையில் பெற்றோர்கள் கூடுகிறார்கள். பச்சைப்பை அக்கா கூட்டிப்போனார். அங்கே ஒரு வழக்கம். தன் பிள்ளையின் படிவத்தை யாரும் தானே எழுதக்கூடாது. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். தாய் கை தானாகவே கூட்டி எழுதிவிடுமாம். நான் சொன்னேன், அக்கா எழுதினார். நடுவில் இரண்டு தடவை, "சும்மா மழுப்பாதம்மா" என்று அதட்டினார். ஒவ்வொரு பதிலும் என் பிள்ளையைப் பற்றியே கோள் சொல்வதுபோல் இருந்தது. பட்டு பக்கத்தில்தான் படுத்திருந்தாள். நல்லவேளை, அவளுக்கு அதெல்லாம் தெரியாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வீட்டுக்கு வந்து அழுதேன்.

உங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. பயம் எனக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. எனக்கு வேறு ஊரில் மேசை இல்லை, அவ்வளவுதான். மாற்றல் கேட்கட்டுமா என்று மூன்று கடிதத்திலும் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கேளுங்கள் என்று நான் சொல்லி, வந்தபிறகு கஷ்டப்பட்டால் நான் கூப்பிட்டதால்தான் வந்தேன் என்பீர்கள். வேண்டாம் என்று சொன்னால் நான் சொன்னதால்தான் வரவில்லை என்பீர்கள். இரண்டையும் தூக்க எனக்கு இடுப்பில் வலுவில்லை. அது உங்கள் பதில், நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பதினோராம் பக்கத்தில், 'வீட்டில் குழந்தையைப் பராமரிப்பவர்கள் எத்தனை பேர்?' என்று ஒரு கேள்வி. நீங்கள் அனுப்பிய படிவத்தில் 'இரண்டு' என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அக்காவிடமிருந்து பேனாவை வாங்கி, நானே 'ஒன்று' என்று எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படிவத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம், வீட்டு நிலவரம் மாறியிருந்தால் அப்போது மாற்றி எழுதலாமாம். அடுத்த தவணை டிசம்பரில்.

பட்டு அம்மா