கிருத்திகையன்று வைத்த கூட்டம்

ஜூலை 11, வியாழன்

மதியம் பருப்பு வேகவில்லை என்று சத்துணவுக் கூடத்தில் தகராறு. அதைத் தீர்ப்பதற்குள் கல்வி அலுவலகத்திலிருந்து விஜயராகவன் சார் வந்துவிட்டார். விமானப்படைத் தளத்தைப் பெரிதாக்குகிறார்களாம். புது மதில் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேலேயே வருகிறது. அதற்கு ஊர்க் கூட்டம் ஒன்று வைக்க வேண்டுமாம். அதில் ஊர்க்காரர்கள் கேட்டால் மதிலுக்கு இந்தப் பக்கமே வேறு பள்ளி கட்டித் தருவார்கள். கேட்காவிட்டால் ஹைவேக்கு அப்பால் இருக்கும் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள்.

"கூட்டம்னு வெச்சா ஆளாளுக்குக் கத்துவாங்க மேடம்" என்று சலித்துக்கொண்டார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "ஆடிக் கிருத்திகை அன்னிக்கு வைங்க சார். லோக்கல் லீவு. ஊரே காவடி எடுத்துகினு திருத்தணி மலைக்குப் போயிடும்."

"உங்களுக்கு இருக்கற மூளை எங்க ஆபீஸ்ல யாருக்கும் இல்ல" என்று சிரித்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பாராட்டு இனித்தது. எழுதும்போதுதான் கூசுகிறது.

ஜூலை 12

தேதியை மாற்றச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது – புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன் சார் என்றா?

ஜூலை 24

பூவம்மாள் வந்தாள். களையெடுக்கப் போகிறவள், எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. மகள் தேவிப்பிரியா என்னிடம் நான்காவது படிக்கிறாள். போன வருஷம் மஞ்சள் காமாலையில் பிழைத்த பெண். அதற்குத்தான் காவடி வேண்டுதல்.

"கிருத்திகையும் அதுவுமா கூட்டம் வெச்சிருக்காங்களே டீச்சர். தள்ளி வைக்க முடியாதா?"

"மேல இருந்து போட்ட தேதிங்க. நம்ம கையில இல்ல."

இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல எங்கே கற்றுக்கொண்டேன்?

"அப்ப நீங்களே நமக்காகக் கேட்டுடுங்க. பள்ளிக்கூடம் இந்தாண்டயே வேணும்னு."

"ஆங், கேக்கறேன்" என்றேன்.

ஜூலை 29

கூட்டத்தில் விஜயராகவன் சார், வார்டு மெம்பர், நான். அவ்வளவுதான். வெளியே ரோட்டில் அரோகரா சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

"ஆட்சேபம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். தேதி சொன்னவளே எதிர்த்துப் பேசினால் அவர் என்ன நினைப்பார் என்று – சீ. அவரு நெனச்சா நெனச்சிட்டுப் போறாரு, உனக்கு எங்கடி போச்சு புத்தி? டீ குடித்தேன். பிஸ்கட் வேறு தின்றேன்.

ஜூலை 31

பூவம்மாள் மொட்டைத் தலையோடு வந்து விபூதியும் பஞ்சாமிர்தமும் கொடுத்தாள். என் பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்தாளாம்.

"கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேன். ஒத்துக்கல."

விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டே சொன்னேன்.

2025, ஜூன் 9

மதில் எழும்பிவிட்டது. என்னையும் ஹைவேக்கு அப்பாலுள்ள பள்ளிக்கே போட்டுவிட்டார்கள். வேன் விடுவதாகச் சொன்னது வெறும் பேச்சு. எங்கள் பிள்ளைகள் மதிலைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டி வருகிறார்கள். தேவிப்பிரியாவைக் காணோம்.

ஜூன் 20

அவள் வீட்டுக்குப் போனேன். பெண் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து "குட் மார்னிங் டீச்சர்" என்றாள்.

ரோட்டைத் தாண்டப் பயமாம். அழைத்து வந்தால் அம்மாவுக்கு அன்றைய வேலை போய்விடும்.

"பாக்கலாம் டீச்சர்" என்றாள் பூவம்மாள். அவள் கொடுத்த மோரைக் குடிக்க முடியவில்லை.

ஜூலை 3

தேவிப்பிரியா வந்துவிட்டாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 14

தினமும் பூவம்மாள்தான் மகளைக் கொண்டுவந்து விடுகிறாள். மற்ற பிள்ளைகளையும் சேர்த்தே ரோட்டைத் தாண்ட வைக்கிறாள். களை வேலைக்கு யாரும் இப்போது அவளைக் கூப்பிடுவதில்லையாம்.

நாளை மறுநாள் கிருத்திகை. மலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"இந்த வருஷம் போவலைங்க. வேனுக்காக எப்ப கூட்டம் போட்டாலும் நான் வரணும்" என்றாள். "போன தபா உங்கள ஒண்டியா பேச உட்டுட்டுப் போயிட்டேன். அது எனக்கு உறுத்திகினே இருக்குது டீச்சர்."