முட்டி போட்டுப் படித்த சொல்

வார்சா, 18 ஆகஸ்ட் 1920

இல்லை அம்மா, நான் மெலியவில்லை. உன் இருமலும் தங்கை ஸோஸியாவின் காய்ச்சலும் எப்படி இருக்கின்றன? நகரம் விழவில்லை. ரஷ்யர்கள் பின்வாங்கி ஓடுகிறார்கள். காலையிலிருந்து எல்லாத் தேவாலய மணிகளும் அடிக்கின்றன.

அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பயப்படாதே, மேசையில் உட்கார்ந்தபடிதான். ரஷ்யர்களின் கம்பியில்லாத் தந்தியை ஒட்டுக்கேட்டு மொழிபெயர்ப்பது என் வேலை. சனிக்கிழமை ஒரு செய்தி வந்தது. ஆலையடி ஆற்றுத்துறையைக் குறிப்பிட்டு, ‘ஸபோம்னித்’ என்றது. எங்கள் லெப்டினன்ட் சுலிமா கிராக்கோக்காரர், ஆஸ்திரியர் ஆண்ட பக்கம். நாம் சிக்கிய ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் அவர் சிக்கவில்லை.

“மறந்துடுன்னு சொல்றான். துறையில நிக்கிற பீரங்கிய எல்லாம் வடக்கே அனுப்பிடலாம்,” என்றார்.

“நம்ம போலிஷ்லதான் சார் அது மறக்குறது. ரஷ்யன்ல ஞாபகம் வச்சுக்கோன்னு அர்த்தம்.”

“அவ்வளவு நிச்சயமா?”

“இந்த வார்த்தைய மாத்திச் சொன்னதுக்குப் பள்ளிக்கூடத்துல நாள் முழுக்க முட்டி போட்டிருக்கேன் சார்.”

“எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லம்மா,” என்று சிரித்தார். பீரங்கிகளை அங்கேயே நிறுத்தினார். மறுநாள் காலை ரஷ்யர்கள் அந்தத் துறைக்குத்தான் வந்தார்கள். கரையேற முடியவில்லை.

பள்ளியில் முட்டி போட்டு வந்த அன்று என் முட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே நீ அழுதாய். இனி அதற்காக அழாதே. அவர்கள் அடித்துப் புகட்டிய மொழியை வைத்தே அவர்களைத் தடுத்துவிட்டோம்.

கம்பளிக் காலுறை அனுப்பு. உன் சால்வையும் வேண்டும். துவைக்காமல் அப்படியே அனுப்பு.

அடுத்த செய்தி வந்துவிட்டது. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

லூசினா